தட்டில் இருப்பது பாதிக் கணக்கு

(நமது குடியிருப்பில் நடக்கும் மாணவர் புகைப்பட வகுப்புக்காக கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

உங்களுக்குக் கொடுத்திருக்கும் வேலை 'உணவு' என்ற தலைப்பில் பத்துப் படங்கள் கொண்ட ஒரு தொடர். மூன்று வாரம் அவகாசம். தேர்வாகும் தொடர்களை ஆண்டு விழாவின்போது இந்தச் சுவரில் மாட்டப்போகிறோம். போனில் எடுக்கலாம், கேமராவிலும் எடுக்கலாம். இதை எப்படிச் செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பத்து நல்ல படங்களைச் சேர்த்து வைத்தால் தொடர் ஆகிவிடாது. திங்கட்கிழமை பீட்சா, புதன்கிழமை பிரியாணி, ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் ஐஸ்கிரீம் என்று எடுத்தால் அதற்குப் பெயர் ஆல்பம். தொடருக்கு ஒரு விதி வேண்டும். அந்த விதியை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். பத்துப் படத்திலும் அதை மீறக் கூடாது.

பெரியவர்கள் செய்ததிலிருந்து மூன்று உதாரணங்கள் சொல்கிறேன்.

பீட்டர் மென்செல் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரும் அவருடைய மனைவி ஃபெய்த் டி'அலூசியோவும் 24 நாடுகளில் 30 குடும்பங்களைச் சந்தித்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு வாரத்தில் சாப்பிடும் பொருள்கள் அத்தனையையும் பரப்பி வைத்து, குடும்பத்தையும் அதோடு சேர்த்துப் படம் எடுத்தார்கள். பக்கத்தில் செலவுக் கணக்கையும் எழுதினார்கள். 2005-இல் 'ஹங்கிரி பிளானெட்' என்ற புத்தகமாக வந்தது. அதில் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் உள்ள ஒரு குடும்பத்தின் வாரச் செலவு 341.98 டாலர். சாட் நாட்டு அகதி முகாமில் இருந்த ஒரு குடும்பம் நிவாரண ரேஷன் போக, கையிலிருந்து செலவழித்தது 1.23 டாலர். இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டியதில்லை. ஒரு குடும்பம், ஒரு வாரம், ஒரு படம் என்பது அவர்கள் போட்டுக்கொண்ட விதி.

இரண்டாவது, இத்தாலியைச் சேர்ந்த காப்ரியேலே கலிம்பெர்த்தி. அவர் உலகம் சுற்றக் கிளம்பியபோது, போகிற இடத்தில் பேரன் என்ன சாப்பிடுவானோ என்று அவருடைய பாட்டிக்குக் கவலை. அதிலிருந்து ஒரு தொடர் பிறந்தது. போன நாடுகளில் எல்லாம் ஒரு பாட்டியைத் தேடிப் பிடித்தார். ஒரு படத்தில் பாட்டியும் அவர் முன்னால் சமைக்கப்போகும் பொருள்களும் இருக்கும். இன்னொரு படத்தில் சமைத்து முடித்த தட்டு, நேர் மேலிருந்து எடுத்தது. இப்படி ஜோடி ஜோடியாகப் படங்கள். 2014-இல் இதுவும் புத்தகம் ஆயிற்று.

மூன்றாவது, கேரி மே வீம்ஸ். அமெரிக்காவைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர். 1990-இல் 'கிச்சன் டேபிள்' தொடரை முடித்தார். இருபது படங்கள். எல்லாவற்றிலும் அதே மேஜை, மேலே தொங்கும் அதே விளக்கு. அந்த மேஜையில் ஒரு பெண் ஒரு ஆணுடன், தோழிகளுடன், மகளுடன், சில படங்களில் தனியாக இருக்கிறாள். உணவு பெரிதாக எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு வீட்டின் வாழ்க்கை முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

இந்த மூன்று தொடரிலும் பொதுவாக ஒன்று உண்டு. பொருளோடு ஆளும் இருக்கிறார்.

நான் வணிகவியல் படித்து வங்கியில் வேலை பார்த்தவள். இரட்டைப் பதிவு முறையில் ஒரு பற்று எழுதினால் அதற்கு ஈடாக ஒரு வரவு எழுதியாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேடு எத்தனை அழகான கையெழுத்தில் இருந்தாலும் டேலி ஆகாது. தட்டில் இருக்கும் சாப்பாடு கணக்கின் ஒரு பக்கம்தான். வாங்கி வந்தவர், நறுக்கியவர், கிளறியவர், பரிமாறியவர், சாப்பிட்டவர், பாத்திரம் தேய்த்தவர் எல்லாரும் மறுபக்கம். நீங்கள் எந்த விதி போட்டுக்கொண்டாலும் சரி, பத்தில் ஐந்து படமாவது அந்த மறுபக்கத்தைக் காட்டட்டும். நான் சொல்ல வந்ததில் இதுதான் முக்கியம்.

நம் குடியிருப்பிலேயே செய்யக்கூடிய சில விதிகளைச் சொல்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே அடுப்பு, ஒரே நாள். காலை 5 மணிக்குப் பால் பாக்கெட் வெட்டுவதில் தொடங்கி, இரவு 10 மணிக்கு மேடை துடைப்பது வரை.

பத்து வீட்டு தோசைக்கல். மாமியார் கொடுத்த இரும்புக் கல் ஒரு வீட்டில், நான்ஸ்டிக் இன்னொரு வீட்டில், கைப்பிடி கழன்று துணி சுற்றியது வேறொரு வீட்டில். ஒவ்வொரு கல்லோடும் அதைப் பிடிக்கும் கை.

காலை 7.30 டிபன் பாக்ஸ். பள்ளிக்குப் போவது, ஆபீசுக்குப் போவது, வீட்டிலேயே மூடி வைக்கப்படுவது.

கடைசியாகச் சாப்பிடுபவர். ஒவ்வொரு வீட்டிலும் எல்லாரும் எழுந்த பிறகு யார் உட்காருகிறார்கள், அவர் தட்டில் என்ன இருக்கிறது? கல்லில் ஒட்டிப் பிய்ந்துபோன முதல் தோசை யாருக்குப் போகிறது? இதைத் தொடராக எடுக்கிறவருக்குப் பத்து வீடு ஏறி இறங்கும் பொறுமை வேண்டும். நல்ல தொடர் கிடைக்கும்.

இனி எடுக்கும் முறைக்கு வருவோம்.

முதலில் வெளிச்சம். சமையலறை டியூப் லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கமாகத் தட்டைக் கொண்டு வாருங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், பல்புக்கு ஒரு நிறம். இரண்டும் கலந்தால் சாதம் ஒரு பக்கம் மஞ்சளாகவும் ஒரு பக்கம் நீலமாகவும் வரும். வெளிச்சம் தட்டின் பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வரட்டும். உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தால் பொரியல் தட்டையாகத் தெரியும், உங்கள் நிழலும் விழும். வெயில் நேராக அடித்தால் ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டுங்கள். நிழல் ரொம்பக் கறுப்பாக இருந்தால் எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்துங்கள். எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரே ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம் இன்றும் உலகப் புகழோடு இருக்கிறது. புனலின் உட்புறம் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆகவே விலை உயர்ந்த லைட் வாங்கித் தரச் சொல்லி அப்பாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அடுத்தது கோணம். இலைச் சாப்பாட்டையும் கோலம் மாதிரி பரப்பிய பொருள்களையும் நேர் மேலிருந்து எடுங்கள். கிண்ணத்தில் இருக்கும் சாம்பார், பாயசத்தைச் சாப்பிட உட்கார்ந்தவர் பார்க்கும் சாய்வில் எடுங்கள். அடுக்கிய இட்லி, நுரை பொங்கும் காபி டம்ளர் இவற்றை அவற்றின் உயரத்துக்கே குனிந்து எடுங்கள். போனைத் தட்டுக்கு மிக அருகில் கொண்டுபோனால் வட்டத் தட்டு முட்டை வடிவமாகிவிடும். கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் சரியாக வரும்.

வாழை இலையை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாப்பிடுபவருக்கு இலையின் நுனி இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். நீங்கள் எதிர்ப்பக்கம் நின்று எடுத்தால் படத்தில் நுனி வலது பக்கம் வந்துவிடும். சுவரில் மாட்டியதும் நம் பாட்டிகள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். சாப்பிடுபவர் பக்கத்திலிருந்து எடுங்கள்.

இட்லி ஏன் படத்தில் சாம்பல் நிறமாக வருகிறது என்று சிலர் கேட்டீர்கள். கேமரா தன் முன்னால் இருப்பதைச் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளை நிறைய இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். ஆகவே இட்லி, தயிர் சாதம், ஆப்பத்துக்கு வெளிச்ச அளவை நீங்கள் ஒரு படி ஏற்ற வேண்டும். போனில் இட்லியைத் தொட்டு, சூரியன் குறியை மேலே தள்ளினால் போதும். எள்ளுருண்டை, கறுப்புக் கவுனி அரிசிக்கு இதற்கு நேர்மாறாக இறக்க வேண்டும்.

ஆவி தெரிய வேண்டுமா? பின்னால் கறுப்பு சார்ட் பேப்பர், ஆவியின் மேல் படும்படி பின்பக்கத்திலிருந்து வெளிச்சம். ஆவி ஓரிரு நிமிடத்தில் போய்விடும் என்பதால், தட்டு வருமுன் எல்லாம் தயாராக இருக்கட்டும். எவர்சில்வர் தட்டில் உங்கள் முகமும் போனும் தெரியும். கோணத்தைச் சற்று மாற்றுங்கள். தாளிப்பை எடுக்கும்போது கடாய்க்கு மேலே போனை நீட்ட வேண்டாம். கை நீளத்துக்குத் தள்ளி நின்று, தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் 1/500 நொடியில் எடுத்தால் கடுகு துள்ளுவது அப்படியே நிற்கும்.

இணையத்தில் பார்த்துவிட்டு, விளம்பரக்காரர்களின் தந்திரங்களைச் செய்து பார்க்கலாமா என்று சிலருக்கு ஆசை இருக்கும். ஐஸ்கிரீமுக்குப் பதில் உருளைக்கிழங்கு மசியல், பாலுக்குப் பதில் பசை, பழத்தின் மேல் தண்ணீருக்குப் பதில் கிளிசரின் என்று நிறைய உண்டு. அமெரிக்காவில் காம்ப்பெல் சூப் விளம்பரத்தில் கிண்ணத்தின் அடியில் கோலிக்குண்டுகளைப் போட்டிருந்தார்கள். காய்கறி மூழ்காமல் மேலே மிதப்பதுபோல் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த நாட்டின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அதை எடுத்துக்கொண்டு, 1970-இல் அப்படிக் காட்டக் கூடாது என்று உத்தரவு போட்டது. நம் தொடருக்கு ஒரே சட்டம் போதும்: எடுத்ததைச் சாப்பிட வேண்டும். சாப்பிட முடியாத எதையும் உணவின் மேல் ஊற்றக் கூடாது, தெளிக்கக் கூடாது. படத்துக்காக என்று தனியாகச் சமைக்கச் சொல்லி வீணாக்கவும் கூடாது.

சாப்பாட்டை நிறுத்தி வைக்கவும் கூடாது. தாத்தா இன்சுலின் போட்டுக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சாப்பாடு நேரத்துக்கு வந்தாக வேண்டும். "ஒரு நிமிஷம் தாத்தா, ஒரு நிமிஷம்" என்று பத்து நிமிடம் இழுப்பது தவறு. மேஜைக்கு வந்த பிறகு இரண்டு நிமிடம், அதோடு சரி. அதற்குள் கிடைக்காவிட்டால் நாளைக்கும் சமையல் உண்டு.

அடுத்தது அனுமதி. சொந்த அம்மாவிடமும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். "நைட்டியோட இருக்கேன், என்னை எடுக்காதே" என்று சொன்னால் எடுக்காதீர்கள். கைகளை மட்டும் எடுக்கலாமா என்று கேளுங்கள். வெங்காயம் நறுக்கும் கை, மாவு பிசையும் கை, சூடு பட்ட தழும்போடு கரண்டி பிடித்த கை, இவை முகத்தைவிட அதிகம் சொல்லும். பக்கத்து வீடுகளில் எடுத்தால் தலைப்பில் பிளாட் எண்ணைப் போட வேண்டாம். எந்த வீட்டு அடுப்பில் மீன் குழம்பு, எந்த வீட்டு அடுப்பில் வத்தக் குழம்பு என்பது அந்தந்த வீட்டின் விஷயம். சுவரில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

போன வாரம் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். "ஆன்ட்டி, ஹவுஸ்கீப்பிங் அக்காங்க மத்தியானம் சாப்பிடறதை எடுக்கலாமா? அசோசியேஷன்ல கோவிச்சுப்பாங்களா?" நல்ல கேள்வி. தனியாகப் பதில் சொல்வதைவிட, எல்லார் முன்னாலும் சொல்வது நல்லது என்று நினைத்தேன்.

அவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பம்ப் ரூம் பக்கத்தில், படிக்கட்டுக்கு அடியில், பேப்பர் விரித்து உட்காருகிறார்கள். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன் மடியில் டிபன் பாக்ஸை வைத்து ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே, கார் வந்தால் எழுந்து ஓடுகிறார். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது கேவலம் இல்லை. நாமும் அப்படித்தான் வளர்ந்தோம். ஆனால் அவர்கள் விரும்பி அங்கே உட்காருகிறார்களா, வேறு இடம் இல்லாமல் உட்காருகிறார்களா என்பது வேறு கேள்வி. அந்தப் படத்தைப் பார்க்கிற எல்லாருக்கும் அந்தக் கேள்வி வரும். சங்கம் கோபித்துக்கொள்ளுமோ என்று அந்தப் பெண் பயந்ததும் அதனால்தான்.

என் பதில் இது. எடுக்கலாம். ஆனால் சூப்பர்வைசரிடமோ சங்கத்திடமோ கேட்டுவிட்டு எடுத்தால் அது அனுமதி ஆகாது. சாப்பிடுகிறவரிடம் கேட்க வேண்டும். அவர்கள் நம் வளாகத்தில் வேலை செய்கிறவர்கள். பிளாட்டில் குடியிருக்கும் பிள்ளை வந்து கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லத் தயங்குவார்கள். ஆகவே கையில் போன் இல்லாமல் போய், ஒரு நாள் முன்னதாகக் கேளுங்கள். எதற்கு எடுக்கிறோம், எங்கே மாட்டுவோம் என்று சொல்லுங்கள். மறுநாள் முகம் கொடுக்காமல் சிரித்துவிட்டு நகர்ந்தால் அதுவும் பதில்தான், விட்டுவிடுங்கள். சம்மதித்தால் நீங்களும் கீழே உட்கார்ந்து, அவர்கள் கண் உயரத்திலிருந்து எடுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் படமும் அவர்களைக் கீழே வைத்துத்தான் பார்க்கும். எடுத்ததைக் காட்டுங்கள். பிடிக்காததை அவர்கள் எதிரிலேயே அழியுங்கள். ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுங்கள்.

செயற்குழு உறுப்பினர்களும் இங்கே இருக்கிறீர்கள். 120 வீடு உள்ள வளாகம் இது. நமக்காக வேலை செய்கிறவர்கள் உட்கார்ந்து சாப்பிட ஒரு மேஜை, சில நாற்காலிகள், ஒரு மின்விசிறி, கை கழுவ ஒரு குழாய், செக்யூரிட்டிக்கு அரை மணி நேரம் மாற்றாள், இவை பெரிய செலவு இல்லை. கோரிக்கையை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். உடன்படுகிறவர்கள் அலுவலகத்தில் உள்ள நகலில் கையெழுத்திடலாம். ஆண்டு விழாவுக்கு முன்பே அந்த ஏற்பாடு நடந்துவிட்டால், படிக்கட்டுக்கு அடியில் எடுத்த படத்தின் பக்கத்தில் புது மேஜையில் எடுத்த படத்தையும் மாட்டுவோம்.

கடைசியாக, தேர்ந்தெடுப்பது பற்றி. எங்கள் காலத்து பிலிம் ரோலில் 36 படம்தான். ஒவ்வொன்றுக்கும் யோசித்துத்தான் அமுக்குவோம். உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆகவே பிறகு குறைக்க வேண்டும். முப்பது படங்களைச் சின்னதாக பிரிண்ட் போட்டு மேஜையில் பரப்புங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். அழகாக இருந்தும் உங்கள் விதிக்குள் வராததை எடுத்துவிடுங்கள். அது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். மீதி பத்தை எந்த வரிசையில் மாட்டினால் பார்ப்பவருக்குப் புரியும் என்று, படத்தில் இல்லாத ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். உணவின் பெயர், அந்த வீட்டில் அதை எப்படிச் சொல்கிறார்களோ அப்படி. தேதி. சம்மதித்தால் சமைத்தவர் பெயர். 'அம்மா', 'பாட்டி', 'சமையல் அக்கா' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது.

படங்களை மூன்றாவது ஞாயிறு காலை வகுப்பில் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு நாள் முழுவதும் எதையும் எடுக்காமல், உங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு ஓரமாக நின்று வேடிக்கை பாருங்கள். சும்மா நிற்கிறாயே என்று தேங்காய் துருவச் சொல்வார்கள். துருவிக் கொடுங்கள். எதை எடுக்க வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.